கீழ் வீட்டு அம்மாள் என்ன சொன்னாள்

கே.கே. நகர்,
மதுரை-20.
12.9.2004

சிரஞ்சீவி ஸ்ரீநாத்துக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. பெருமாள் புண்ணியத்தில் உடம்பு நன்றாக இருக்கிறது, வலது முழங்கால் மட்டும் விமானத்தில் மடக்கி வைத்ததை இன்னும் மறக்கவில்லை. நீயும் ரம்யாஸ்ரீயும் சுகம் என்று நம்பி மேலே எழுதுகிறேன். வீட்டில் நம் சௌராஷ்டிர பாஷை பேசினாலும் கோபத்தை எழுத எனக்குத் தமிழ்தான் வரும், பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் அதில்தான் கோபப்பட்டேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ சரிப்பா சரிப்பா என்று நடுவில் வைத்துவிடுகிறாய், கடிதத்தில் அது முடியாது.

ஜெர்மனியில் உங்கள் ஸ்டுட்கார்ட் எப்படி இருந்தது என்று தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்று மாதம் என்று போன ஆள் ஏழு வாரத்தில் வந்து நின்றால் கேட்கத்தானே செய்வார்கள். இஸ்திரி போடும் நல்லகாமன், என்ன சார் இம்புட்டு சுருக்கா வந்துட்டீக, மகனோட சண்டையா என்று நேராகவே கேட்டுவிட்டான். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்தேன். ஜூலை மாதத்தில் அங்கே என்ன குளிர் என்று அவனுக்குத் தெரியாது, அதனால் பிழைத்தேன்.

ஊரைக் குறை சொல்ல வரவில்லை. ஒன்பது பதினேழு என்று எழுதிப் போட்டால் பஸ் ஒன்பது பதினேழுக்கு வருகிறது, மணியடிக்கும் முன் பள்ளிக்கூடத்தில் நின்ற எனக்கு அது பிடிக்காமல் போகுமா. ஆனால் அந்த பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தும் ஒரு பேச்சு இல்லை, இங்கே பெரியார் நிலையத்தில் டவுன் பஸ் கிளம்புவதற்குள் நாலு பேர் குடும்பக் கதை தெரிந்துவிடும். அங்கே தெருவில் ஒரு வண்டி கிடையாது, சிவப்பு விளக்கு எரிகிறது என்று ஒரு கிழவி கூடையோடு நிற்கிறாள், நானும் பக்கத்தில் நின்றேன். தயிர் டப்பாவைக் கழுவித்தான் குப்பையில் போட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை ரசத்துக்கு மிளகு தட்டினால் ரம்யாஸ்ரீ ஓடி வந்து, மாமா, இன்னைக்கு சத்தம் வரக்கூடாது என்று உரலை வாங்கி வைத்துவிட்டாள். ராத்திரி ஒன்பதரை வரை வெளிச்சம், சாயங்கால விளக்கை எப்போது ஏற்றுவது என்று ஏழு வாரமும் எனக்குப் புரியவில்லை. வாரம் ஒரு வீட்டுக் கதவில் பலகை தொங்கும், அந்த வீட்டுக்காரர் மாடிப்படியைக் கூட்ட வேண்டும், நம் முறை வந்தபோது நான்தான் கூட்டினேன். கீழ் வீட்டுப் பெரியவர் பழக்கமானது அப்படித்தான். கதவைத் திறந்து, நான் விட்டுவிட்ட ஒரு மூலையைக் கைத்தடியால் காட்டினார். மறுநாளிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூலையைக் காட்டிச் சிரிப்பார். அந்த ஊரில் என்னைப் பார்த்துச் சிரித்த ஒரே ஆள் அவர்.

அவர் இறந்ததை நீ சொன்ன விதம்தான் எனக்கு ஆறவில்லை. சாம்பாரை ஊற்றிக்கொண்டே, கீழ் வீட்டுத் தாத்தா நேத்து போயிட்டாராம்பா என்றாய், அதே மூச்சில் அப்பளம் கேட்டாய். அழுகைச் சத்தம் இல்லை, வாசலில் ஒரு நாற்காலி இல்லை, நம் காலுக்குக் கீழே ஒரு சாவு நடந்து ஒரு நாள் ஆகியும் நாம் அப்பளம் பொரித்திருக்கிறோம். மறுநாள் நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு நான் இறங்கிப் போய் மணியை அடித்தேன். அவர் சம்சாரம் கதவைத் திறந்தாள். துக்க வீட்டில் வணக்கம் சொல்லும் வழக்கம் இல்லை, தலையைக் குனிந்து நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வழிவிட்டாள். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், அவளும் எதிரே உட்கார்ந்தாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது, துக்கம் கேட்கப் போன இடத்தில் பாஷை எதற்கு. அரைமணி நேரம் இருந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்து தலைக்குக் குளித்தேன். நான் செய்தது இவ்வளவுதான்.

சாயங்காலம் நானே உன்னிடம் சொன்னேன், நல்ல காரியம் என்று நினைத்துத்தான் சொன்னேன். நீ தலையில் கைவைத்துக்கொண்டாய். போன் பண்ணிக் கேட்காமல் இங்கே யார் வீட்டுக்கும் போகக் கூடாது, திடுதிப்பென்று போய், பேசாமல் உட்கார்ந்து, சொல்லாமல் எழுந்து வந்தால் பைத்தியம் என்று நினைப்பார்கள் என்றாய். பிறகு ஒரு பூங்கொத்தை வாங்கி, என்னையும் கூட்டிக்கொண்டு கீழே போய் மன்னிப்புக் கேட்டாய். நான் ஜன்னல் கண்ணாடியை உடைத்த பையன் மாதிரி உன் பின்னால் நின்றேன். எத்தனை பையன்களை அப்படி நிற்க வைத்திருப்பேன், அவர்கள் பட்டது அன்றுதான் தெரிந்தது. அந்த அம்மாள் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்து என்னவோ நீளமாகச் சொன்னாள், நடுவில் குரல் உடைந்தது. என்ன சொன்னாள் என்று படியேறும்போது கேட்டேன். பரவாயில்லையாம் என்றாய். அவ்வளவு நீளத்துக்கு ஒரு பரவாயில்லையா, ஸ்ரீநாத். டிக்கெட்டை மாற்றச் சொன்னது அதனால்தான்.

இப்போது நிரந்தரமாக அங்கேயே வந்துவிடச் சொல்லிப் படிவம் அனுப்பியிருக்கிறாய். நான் தனியாக இருக்கிறேனே என்ற கவலை, அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பேனாவை எடுத்தால் கையெழுத்துப் போட மனசு வரவில்லை. போன வருஷம் உன் அம்மா போனபோது நீ வந்துசேர மூன்றாம் நாள் ஆகிவிட்டது, விமானம் அப்படி, உன் தப்பு இல்லை. அந்த இரண்டு நாளும் என் பக்கத்தில் ஆள் இருந்துகொண்டே இருந்தது. நல்லகாமன் வண்டியை மூடிப்போட்டுவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை, எப்போது எழுந்து போனான் என்றும் தெரியாது. யாரும் போன் பண்ணிக் கேட்டுவிட்டு வரவில்லை. கேட்டிருந்தால் வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், சொல்லிவிட்டு என்ன ஆகியிருப்பேன் என்று தெரியவில்லை.

எனக்கும் ஒரு நாள் வரும். அது அங்கே வந்தால் உன் பக்கத்தில் வந்து உட்கார யார் இருக்கிறார்கள். எல்லோரும் முதலில் போனில் கேட்பார்கள், நீயும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருப்பாய். அந்தக் கவலைதான் எனக்கு. அதனால் நீ கீழே போ. போன் பண்ணாமல் போய் மணியை அடி. கொஞ்ச நேரம் உட்கார், பிறகு அன்றைக்கு என் அப்பாவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேள். திட்டியிருந்தாலும் சரி, ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எழுது. படிவத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

ரம்யாஸ்ரீக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம், இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருங்கள். நம் வாரம் வந்தால் பெரியவர் காட்டிய மூலையை விட்டுவிடாதே. கீழ் வீட்டிலிருந்து எழுந்து வரும்போது போயிட்டு வாரேன் என்று மட்டும் சொல்லாதே, அவர்கள் பாஷையிலும் சொல்லாதே.

உன் அப்பா,
ஜனகராஜ்