பொட்டிக்குள்ள நடக்கற பந்தி

17 மார்ச் 2025, திங்கள்
மாரியாத்தா துணை.

இன்னைக்கும் பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துல, நெட்டு திக்கிப்போச்சு. ஜேடர்பாளையத்துல பாதி ஊட்டுக்கு லைன் குடுக்கறது என்ர மருமக சரிதாதான். முன் ரூம்புல ஒரு சாதாக் கம்ப்யூட்டரையே ரூட்டரா மாத்தி வெச்சிருக்கறா. ஊரு நெட்டெல்லாம் அந்தப் பொட்டிக்குள்ள பூந்துதான் போகோணும்.

பக்கத்தூட்டு பெருமாயி வாசல்ல நின்னுட்டு, "ஏனுங்கக்கா, உங்க மருமக நெட்டு மாட்டு வண்டியில வருதுங்களா?"ங்கறா. சீரியலு நின்னுபோன கோவம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கிச்சு, காட்டிக்கல.

அடுத்த புதன் மாரியாத்தா நோம்பி, ஊருத் திருவிழா. கோயல்ல நடக்கறத நேரா போன்ல காட்டறோமுன்னு சரிதா ஊருக்கே சொல்லிப்புட்டா. அன்னைக்கும் திக்குனா எல்லாரும் வேற லைனுக்கு மாறிருவாங்க. அப்பறம் அவளும் என்ர மகன் சபரிநாதனும் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருவாங்க. நான் யாருகூடப் பேசறது? செவுத்துகூடயா?

18, செவ்வாய்
பொட்டிக்கு விபூதி வெச்சேன். சரிதா தொடச்சுப்புட்டா. மறுக்கா வெச்சேன் — பின்னால.

20, வியாழன்
சரிதா காரணத்தப் புடிச்சுட்டா. நெட்டுல போறதெல்லாம் சின்னச் சின்னப் பொட்டலமாத்தான் போகுதாம். "பொட்டிக்குள்ள வேல செய்ய நாலு பேரு இருக்காங்கன்னு வெச்சுக்குங்கத்த. வர்ற பொட்டலத்தயெல்லாம் ஒருத்தரே வாங்கி அனுப்பறாரு. மத்த மூணு பேரும் சும்மா நிக்கறாங்க."

"அதென்ன கண்ணு அநியாயம்?"

"கோயல் பந்தியில நீங்க பரிமாறற வாளிய யாருக்கும் தர மாட்டீங்கல்ல, அதேதானுங்க"ன்னு சொல்லிச் சிரிக்கறா. வாயப் பாரு!

21, வெள்ளி
நாலு பேருக்கும் பிரிச்சு உட்டுட்டா. வேகம் வந்துருச்சு. ஆனா சிங்கப்பூருல இருந்து பெருமாயி மகன் குணசீலன் பேசுனா பேச்சு பிஞ்சு பிஞ்சு வருதாம். "அன்னைக்கு மாட்டு வண்டி, இன்னைக்குக் கொடை சாஞ்ச வண்டி"ன்னு பெருமாயி போட்டாளே ஒரு போடு. சரிதா சோறே திங்கல. எனக்கும் எறங்கல. ஆத்தா, இந்தப் புள்ளய ஏன் இப்பிடிச் சோதிக்கற?

23, ஞாயிறு
கோளாறு கெடைச்சிருச்சு!

பொட்டலத்த ஆளுக்கொண்ணா மாத்தி மாத்திக் குடுத்துருக்கறா. ஒரே போன் பேச்சு நாலு கையில போனா? பின்னால வந்தது முந்திருச்சு. ஒரே எலையில ரசம் ஊத்துனப்பறம் பருப்பு வந்தாப்பல. இப்ப ஒரு பேச்சுன்னா தொடங்கி முடியற வரைக்கும் ஒரே ஆளு. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஓடாம, ஒருசேர அள்ளிட்டுப் போகவும் பழக்கி உட்டுட்டா.

பொழுதோட ஊரே படம் பாத்துச்சு, திக்கல. பெருமாயி ஊட்ல இருந்தும் படத்துச் சத்தந்தான் கேட்டுச்சு.

26, புதன். நோம்பி
பந்தி ஆரம்பிக்கறப்ப வாளியத் தூக்குனேன். எதுத்தாப்பல சரிதா கேமராவோட நின்னு சிரிக்கறா. ஏனோ தெரியல — பொம்பளைங்க நாலு பேரக் கூப்புட்டு ஆளுக்கு ஒரு வாளி, ஆளுக்கு ஒரு வரிசைன்னு குடுத்துட்டு, நான் எலை முன்னால உக்காந்துட்டேன். இத்தன வருசத்துல மொத தடவ சுடச்சுடத் திங்கறேன்.

சித்த நேரத்துல பெருமாயி போனத் தூக்கிட்டு ஓடியாரா. குணசீலன் கேக்கறான், பக்கத்துல நிக்கறாப்பல: "பெரிம்மா, வாளி உங்க கையில இல்லீங்களே, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

சிங்கப்பூரு வரைக்கும் தெரிஞ்சுபோச்சு! சரிதா கேமராவ ஆட்டாம நின்னா. கண்ணு மட்டும் கலங்கிருச்சு.

அடுத்த நோம்பிக்கு இன்னொரு கேமரா வெக்கோணுங்கறான் சபரி. பெங்களூரு பேச்ச யாரும் எடுக்கல. நானும் எடுக்கல. ரசம் இன்னொருக்கா ஊத்தச் சொன்னேன்.