ராணி நிற்கவில்லை

கொருக்குப்பேட்டை
2.2.2025

அன்புள்ள செங்கொடிக்கு,

நான் நலம். உன் நலம் கேட்கலாம் என்றால் போனில் என்னை பிளாக் செய்திருக்கிறாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாதில்லையா?

புதுக் கார் வாங்கிவிட்டாயாம். அதெல்லாம் ஒரு காரா? டிவிப் பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி. நம் பழைய கார் ராணிக்கு அறுபத்து மூன்று வயது. கதவைச் சாத்தும்போது கேட்கிற அந்தக் கனத்த சத்தம் ஒன்று போதாதா? அன்றைக்கும் வேறு வழியில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்றுதான் நிற்காமல் போனேன். நீ அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது, வீட்டுக்கு வா.

அன்புக் கணவன்,
துரை

வள்ளூர்
7.2.2025

துரை அவர்களுக்கு,

அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு, டோல்கேட்டில் உங்கள் கிழவி ராணியைத் தள்ளினேன். "இன்னும் கொஞ்சம் தள்ளு மே!" என்று உள்ளேயிருந்து அதிகாரம் வேறு. கிளம்பியதும் என்னை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனீர்கள். பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா, "யக்கா, வண்டி போய்கினே கீது, உன்னை மறந்துட்டாரு போல!" என்று கத்தினாள். பஸ்ஸே சிரித்தது.

என் கார் பொத்தானைத் தொட்டால் கிளம்புகிறது. பக்கத்து சீட்டில் காய்கறிப் பையை வைத்தால், அதற்கும் பெல்ட் போடச் சொல்லிக் கத்துகிறது. அதில் புடலங்காய்க்கு இருக்கிற மரியாதை உங்கள் காரில் எனக்கு இல்லை.

மறந்தீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள். வருவதா வேண்டாமா என்று பிறகு பார்க்கலாம்.

இப்படிக்கு,
செங்கொடி

கொருக்குப்பேட்டை
12.2.2025

செங்கொடி,

மறந்துவிட்டேன். ராணி கிளம்பிய சந்தோஷத்தில் பாடிக்கொண்டே தேரடி வரை போய்விட்டேன். மண்டப வாசலில் உன் அண்ணன் பீம்ராவ், "இன்னா மாப்ள, தங்கச்சி எங்க?" என்று கேட்டார். பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஆட்டோ பிடித்து ஓடி வந்தேன், நீ அங்கே இல்லை.

வெட்கமாக இருக்கிறது. நீ சொன்னால் ராணியை விற்றுவிடுகிறேன்.

துரை

வள்ளூர்
17.2.2025

என் துரைக்கு,

'மறந்துவிட்டேன்' என்று படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்த இடத்தில் சிரித்துத் தொலைத்துவிட்டேன். என்னமோ ஏதோ என்று அண்ணி ஓடிவந்தாள். இந்த உண்மையை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்னவாம்?

ராணியை விற்க வேண்டாம். ஞாயிறு காலை டோல்கேட்டுக்குக் கொண்டுவாருங்கள். என் கார் அண்ணன் வீட்டிலேயே நிற்கட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம். நான் ஸ்டியரிங்கில் உட்காருகிறேன், நீங்கள் தள்ளுங்கள். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு.

கிளம்பிவிட்டால் நான் நிற்க மாட்டேன். பஸ் பிடித்து நம் வீட்டுக்கு வந்து சேருங்கள். நான் முன்னாலேயே போய் உலை வைத்துவிடுவேன்.

உங்கள்
செங்கொடி