என் தம்பி மகளுக்கு நான் போட்ட மதிப்பெண்

என் அருமைத் தம்பி செல்வத்துக்கு,

நலமா என்று கேட்க வாய் வருகிறது. கேட்டால் நீ சிரிப்பாய். இங்கே எல்லாரும் நலம்தான். எனக்கு மட்டும் நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

காரணம் உன் மகள். பதறாதே, அவள் விழவில்லை, அடியும் படவில்லை. நேற்று மல்லிகா நாட்டுச் சின்னம் தைத்த உடையோடு இரண்டு நாள் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் இறங்கினாள். நான்கு நாட்டுப் பெண்கள் வந்திருக்கிறார்கள். இதில் நன்றாக வந்தால்தான் அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் போட்டிக்கு அவள் பெயர் போகும். பொம்பளைப் பிள்ளைக்கு இந்தக் குட்டிக்கரணம் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம் அவள் பக்கம் நின்றவன் நீ. பார்க்க நீ இல்லாமல் போனாயே.

சிக்கல் நான் உட்கார்ந்த இடத்தில்தான். பீம் என்கிற அந்த நாலங்குலக் கட்டைக்கு நடுவர்கள் நால்வர். நேற்று அவர்களில் நானும் ஒருத்தி. நீ ஜாலான் புசார் திடலில் கால்பந்து நடுவரைத் திட்டித் திட்டித் தொண்டை கட்டிக்கொண்டு வருவாய். உன் அக்காவே நடுவராகிவிட்டாள் பார்.

முதலில் எனக்குக் கொடுத்தது சிறுமிகள் பிரிவு. பீமுக்கு இருந்த அம்மாவுக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் என்னை மாற்றிவிட்டார்கள். பயிற்சி பெற்ற பெண் நடுவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? பள்ளியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் என்னைப் போலச் சிலர்தான்.

நடுவருக்கும் ஆடுகிறவருக்கும் உறவு இருக்கக் கூடாது. அதற்காக அமைப்பாளர் பெயர்களை ஒருமுறை பார்த்தார். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும், வெள்ளைக்காரர்களுக்குப் பின்னால் நிற்கும். நமக்கு எங்கே நிற்கிறது? அவள் செல்வத்தின் மகள் மல்லிகா, நான் திருமதி ரத்தினம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒட்டாது. எல்லாம் சரி என்று அவர் நகர்ந்துவிட்டார். நான் வாயெடுப்பதற்குள் வாத்தியம் முழங்கி அணிவகுப்பு வந்துவிட்டது. நடுவில் புகுந்து சொல்லியிருக்க முடியாதா என்றால், முடியும்தான். சொல்லவில்லை.

அமைப்பாளருக்குத் தெரியாதது நம் ஆட்களுக்குத் தெரியும். போன வாரம்தான் உன் முதலாண்டு நினைவுநாளுக்குத் தமிழ்ப் பத்திரிகையில் படம் போட்டோம். படத்துக்குக் கீழே மனைவி சரோஜா, மகள் மல்லிகா, அக்கா பாக்கியம் என்று எல்லாரும் வரிசையாக நிற்கிறோம். சிராங்கூன் சாலை முழுக்க அதைப் படித்தது. போட்டிக்கு முந்தின நாள் காய்கறி வாங்கத் தேக்கா சந்தைக்குப் போனேன். கடைக்காரர் சத்தமாகவே கேட்டார்.

"என்ன டீச்சர், ஜட்ஜா உக்காரப் போறீங்களாமே! அப்புறம் என்ன, உங்க மருமகதான் ஃபர்ஸ்ட்டு லா!"

அப்போது எனக்குச் சிறுமிகள் பிரிவுதான், அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அந்தச் சிரிப்போடுதான் மறுநாள் நான் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

மல்லிகா ஏறினாள். என்ன சொல்வேன் தம்பி, அரங்கத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. திரும்பும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கியது. குதித்து இறங்கியபோது வலது கால் சற்றே நகர்ந்தது. நகர்ந்ததாக எனக்குத் தெரிந்தது. மற்ற மூவரும் எட்டரையை ஒட்டிப் போட்டார்கள். நான் ஏழு புள்ளி எட்டு போட்டேன்.

நால்வர் போடுவதில் கூடுதலையும் குறைவையும் தள்ளிவிட்டு நடு இரண்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே என் மதிப்பெண் தானாகவே தள்ளுபடியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் இடைவெளி ரொம்ப அதிகம் என்று தலைமை நடுவர் எங்களை மேசைக்குக் கூப்பிட்டுவிட்டார். அவர் பாம்பும் சாகக் கூடாது, கோலும் ஒடியக் கூடாது என்கிற ரகம். நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். முழங்கால், வலது கால் என்று சொன்னேன்.

உடனே வெளிநாட்டிலிருந்து வந்த நடுவர் அம்மா, "ஆமாம், இப்போது நினைவுக்கு வருகிறது, நானும் பார்த்தேன்" என்று தன் மதிப்பெண்ணைச் சரசரவென்று குறைத்துவிட்டார். மல்லிகாவோடு போட்டியில் நிற்பது அவர்கள் ஊர்ப் பெண். என்னைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். அதனால் என்ன பயன்? எட்டரை கிடைக்க வேண்டியவளுக்கு எட்டு புள்ளி மூன்றுதான் வந்தது. அந்தப் பெண் முதலில் நிற்கிறாள், உன் மகள் அடுத்து நிற்கிறாள். அந்த அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டது நான்தான்.

அந்தக் கால் நிஜமாகவே நகர்ந்ததா, தம்பி? கண்ணை மூடினால் நகர்கிறது. இன்னொரு முறை மூடினால் அசையாமல் நிற்கிறது. பார்த்தது என் கண்ணா, என் பயமா? கூட்டிப் போட்டால் 'தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்' என்று ஊர் சொல்லும். அந்தப் பேச்சுக்குப் பயந்து ஒரு குழந்தையின் உழைப்பைக் குறைத்திருந்தால், அது நேர்மையில் சேருமா?

சாயந்திரம் மனசு கேட்காமல் புக்கிட் மேராவில் உன் வீட்டுக்குப் போனேன். சரோஜா தேநீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்த சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்தது. நான் குறைத்ததையும் மேசையில் நடந்ததையும் சொன்னேன். அமைப்பாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"வேணாம் அண்ணி. நீங்க எந்திரிச்சா அந்தச் சீட்ல யாரு உக்காருவா? அந்த வெளிநாட்டம்மா ஊர்க்காரங்கதானே ரிசர்வ்ல இருக்காங்க? அவங்க ஆளு ரெண்டு பேரு உக்காந்தா எம் பொண்ணு என்னா ஆவா? இன்னிக்குக் குறைச்சிட்டீங்க, சரி. நாளைக்கு மத்தவங்க மாதிரி போட்டுட்டுப் போங்க. வேற என்னா கேக்குறேன்?"

அவள் சொல்வதில் ஞாயம் இல்லையா? இருக்கிறது.

மல்லிகா காலை நீட்டி உட்கார்ந்து கணுக்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"அத்தை, என் கால் நெசமாவே நகந்துச்சா?"

"உனக்குத் தெரியாதாடி? உன் கால்தானே?"

"தெரியல அத்தை. இறங்குறப்ப நான் காலைக் கவனிக்கல. உங்க முகத்தைத்தான் பாத்தேன். நீங்க ரொம்பப் பயந்த மாதிரி இருந்தீங்க."

அதற்குப் பிறகு அந்தத் தேநீரை நான் தொடவில்லை. பேருந்தில் குவீன்ஸ்டவுனில் என் வீடு வந்து சேரும்வரை அவள் சொன்னதுதான் காதில் ஓடியது. இத்தனை நேரமும் என் பயம் என் கையிலுள்ள பென்சிலை மட்டும்தான் ஆட்டியது என்று நினைத்திருந்தேன். அது கட்டை மேல் நின்ற பிள்ளையையும் போய்த் தொட்டிருக்கிறது. கால் நகர்ந்திருந்தால் அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. நகராமல் இருந்திருந்தால், அதுவும் என் தலையில்தான்.

இன்று மதியம் இரண்டாம் நாள் போட்டி. இதை எழுதி முடித்ததும் கிளம்ப வேண்டும். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். வாத்தியம் முழங்குவதற்கு முன்னாலேயே தலைமை நடுவரிடம் போய், மல்லிகா என் தம்பி மகள் என்று சொல்லிவிடுவேன். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்து என்ன போடுவார்களோ தெரியாது. மல்லிகாவுக்கு இன்னும் குறையலாம். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று என்னை இனி எந்தப் போட்டிக்கும் கூப்பிடாமல் விடலாம். சரோஜா பல நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம். இருந்தாலும் சொல்லுவேன்.

சொல்லிவிட்டு மேலே பார்வையாளர் வரிசைக்கு ஏறி சரோஜா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். நடுவர் கை தட்டக் கூடாது, தம்பி. நேற்று அரங்கமே எழுந்து தட்டியபோது உன் மகளுக்காகத் தட்டாமல் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். இன்று அவள் நின்றாலும் சறுக்கினாலும் உள்ளங்கை சிவக்கத் தட்டுவேன், உன் பங்கையும் சேர்த்து.

மல்லிகாவின் அத்தை,
உன் அக்கா,
பாக்கியம்