உன் மகளின் மருத்துவப் படிவம்

மச்சான்,

இன்று காலை உன் மகள் தன் மருத்துவப் படிவத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். இந்தச் சீசன் எங்கள் கூடைப்பந்துக் கழகத்தின் பெண்கள் அணியில் அவளும் ஆடுகிறாள். தனக்கோ தன் குடும்பத்தில் எவருக்காவதோ இருதய நோய் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. "இல்லை" என்று எழுதியிருந்தாள்.

அதே கேள்விக்கு, உன் பெயரில், அதே பதிலை எழுதியவன் நான்.

எங்கள் கழகத்தின் பழக்கம் உனக்குத் தெரியாததா? நீங்கள் எல்லோரும் கையெழுத்தை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். மிச்சத்தை நிரப்புவது மனேஜரான நான். பயிற்சியாளரும் நான்தான், தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறவனும் நான்தான். கனடா-அமெரிக்க எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள கழகங்கள் ஆடும் கூடைப்பந்துச் சுற்றுப்போட்டியில், நாற்பது கடந்தவர்களின் பிரிவில் நாங்கள் இறங்கிய வருடம் அது. மார்க்கம் நகரில் ஜிம்முக்கு வெளியே, என் காருக்குள் இருந்து உன் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னாய்.

"மச்சான், இருதயத் தசை தடிச்சிருக்காம். பரம்பரையா வாறதாம். ஓடக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

"பிறகென்னடா? விளையாட்டை விடு."

"இந்த ஒரு சீசன் மட்டும். என்ர மனுசிக்குச் சொல்லிப்போடாதை, அழுதே என்னைக் கொன்றுபோடுவாள்."

நீ சிரித்தாய். நானும் சிரித்துக்கொண்டே "இல்லை" என்று எழுதினேன். சிநேகிதன் கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மடையன்.

அதன் பிறகு நான் ஒரு போட்டியையும் பார்க்கவில்லை, உன் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பஃபலோவுக்குப் பாலம் கடக்கும்போது மற்றவர்களுக்கு எல்லை அதிகாரியிடம் பயம். எனக்கு, அந்தப் பக்கம் நீ விழுந்தால் என்ன செய்வது என்ற பயம். டிட்ராய்ட் அரையிறுதியில் பந்தோடு ஓடியவன் நடுவில் நின்று, முழங்காலில் கைவைத்துக் குனிந்தாய். நாங்கள் புள்ளிமேல் புள்ளி எடுத்துக்கொண்டிருந்த நேரம். நான் டைம் அவுட் கேட்டு ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். "உவனுக்கென்ன விசரோ?" என்று எல்லோரும் என்மேல் பாய்ந்தார்கள். நீ மட்டும் தண்ணீரைக் குடித்துவிட்டு, "பயந்தவன்ர கையில பந்து நிக்காது மச்சான்" என்றாய். உன்னை வெளியே இருத்தியிருக்கலாம். காரணம் சொல்லவேண்டி வருமே என்று விட்டுவிட்டேன்.

இறுதிப் போட்டியில் இரண்டு புள்ளியால் தோற்றோம். எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டு இருக்க, எனக்கு மட்டும் மகிழ்ச்சி. சீசன் முடிந்தது, நீ உயிரோடு இருந்தாய்.

அது முடிந்து மூன்றாம் வாரம், 401 நெடுஞ்சாலையில் உன் கார் தடுப்புச்சுவரில் மோதியது. உறைபனி, வழுக்கல் என்றார்கள். மோதியதால் உன் இதயம் நின்றதா, நின்றதால் மோதினாயா என்ற கேள்வி எனக்கு மட்டும் இருந்தது. "ரோட்டு வழுக்கினதாலதான் அண்ணை. இல்லாட்டி இவருக்கு என்ன நோய் வருத்தம்?" என்று உன் மனைவி அழுதாள். "ஓம் தங்கச்சி" என்றேன்.

போன சனிக்கிழமை பயிற்சியில் உன் மகள் வேகமாக ஓடிவந்து, நடுவில் நின்று, முழங்காலில் கைவைத்துக் குனிந்தாள். பத்தொன்பது வயதில் எல்லோருக்கும் மூச்சு வாங்கும்தான். ஆனாலும் ஓடிப்போய், "நெஞ்சுக்குள்ள ஏதும் செய்யுதோ பிள்ளை?" என்று கேட்டேன். "ஐ'ம் ஃபைன் அங்கிள். ஏன் எல்லாத்துக்கும் பயப்பிடுறீங்கள்?" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு சில நாள் பேசாமல் இருந்தேன். இன்று அந்தப் படிவம் வந்ததும் இருக்க முடியவில்லை.

அஜக்சில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி சமைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. அடுப்பை நிற்பாட்டினாள்.

"அப்ப இவர் உங்களுக்குச் சொன்னவர். எனக்குச் சொல்லேல்லை."

பிள்ளையை உடனே டொக்டரிடம் காட்டவேண்டும் என்றேன்.

"பிள்ளையை நான் காட்டுறன். நீங்கள் இனி இஞ்ச வராதேங்கோ அண்ணை."

உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன் மச்சான், கோபமென்றால் கோபித்துக்கொள். வியாழக்கிழமை டொக்டரிடம் போகிறார்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்ல அந்த வீட்டில் இனி ஒருவரும் இல்லை. சனிக்கிழமை பயிற்சிக்கு அவள் வந்தால் பயப்படுவேன். வராவிட்டால் அதைவிடப் பயப்படுவேன்.