வெயில் நிற்கும் மைதானம்

பிப்ரவரி 6, 2023

பெருமாள்மலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் யூக்கலிப்டஸ் வாசம். முப்பத்து மூன்று வருடம் கழித்தும் மூக்குக்கு எல்லாம் நினைவிருக்கிறது. கண்ணுக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் காட்டேஜ் பலகைகள்.

மூடிக் கிடக்கும் போர்டிங் பள்ளி வளாகத்தில் 'புத்தாக்க வட்டாரம்' வரப்போகிறது. கம்ப்யூட்டர் கம்பெனிகள், ஆராய்ச்சிக் கூடங்கள். அதனால் சுற்றியுள்ளவர்களுக்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்று வீடு வீடாகக் கேட்டு அறிக்கை எழுத வேண்டும். மதுரையில் பொருளாதாரம் நடத்துவதோடு இப்படி நான்கைந்து செய்திருக்கிறேன்.

குழுத் தலைவர் ராஜமுருகனிடம் ஒன்று மட்டும் சொல்லவில்லை. அந்தப் பள்ளியின் ஊழியர் குடியிருப்பில்தான் நான் பிறந்தேன். அப்பா அங்கே பாய்லர் பார்த்தார்.

பிப்ரவரி 7

பெரிய ஹாலின் ஜன்னல்கள் உடைந்து கிடக்கின்றன. சனிக்கிழமைகளில் அங்கே படம் போடுவார்கள். ஊழியர் பிள்ளைகளுக்கு உள்ளே இடமில்லை. நானும் பக்கத்து வீட்டு லீமாவும் வெளியே பெஞ்சு மேல் ஏறி நின்று ஜன்னல் வழியாகப் பார்ப்போம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஸ்வெட்டர். ஆளுக்கு ஒரு கை.

லீமா இன்னும் இங்கேதான் இருக்கிறாளாம். அவள் வீட்டைத் தாண்டி நடந்துவிட்டேன். ஒரு கடிதம்கூடப் போடாதவள் எந்த முகத்தோடு கதவைத் தட்டுவது?

பிப்ரவரி 9

அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

பள்ளி விளையாட்டு மைதானம் முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. லாட்ஜ்களுக்குத் துவைத்துக் கொடுக்கிறார்கள். லீமாவோடு சேர்த்து இருபத்தாறு பெண்கள். எங்கள் குழுவில் கணக்கெடுத்த பையன்கள் அத்தனை பேரையும் 'இல்லத்தரசி' என்று எழுதி வைத்திருந்தார்கள். உட்கார்ந்து இருபத்தாறு படிவங்களையும் திருத்தினேன்.

"கேத்தரின்தானே? ஒங்கப்பா நடக்குற மாதிரியே நடந்து வாரியே" என்றாள் லீமா. முடி நரைத்திருந்தது. சிரிப்பு அதே சிரிப்பு.

"ஏன் இங்க வந்து காயப்போடுறீங்க?"

"மத்த எடத்துல மதியமே மேகம் மூடிரும்டி. மூணு மணி வரைக்கும் வெயில் நிக்கிறது இங்கன மட்டுந்தான்."

இந்த இடம் மாறவே கூடாது என்றேன். அவள் முகம் மாறியது.

"ஏன் கூடாது? எம்மவன் அமல் கோயமுத்தூர்ல ஒரே ரூம்புல ஆறு பேரோட கெடக்கான். இங்க கம்பெனி வந்தா வீட்டுச் சோறு திம்பான்ல? நீ பத்தாப்பு முடிச்சதும் போனவ. ஒனக்கு இதெல்லாம் அழகாத்தான் தெரியும். நான் இங்கயே கெடந்தவ."

அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். ஏன் இவ்வளவு வலிக்கிறது?

மார்ச் 2

நான் பிறந்த இடம் அது என்று ராஜமுருகனிடம் இன்று சொல்லிவிட்டேன். "அப்போ நீங்களே அந்தப் பகுதிய எழுதுங்க மேடம். மனசோட வரும்" என்றார்.

மனசோடுதான் வந்தது. மைதானத்தை 'பாரம்பரியத் திறந்தவெளி'யாக அப்படியே காக்க வேண்டும் என்று முழுதாக ஒரு பக்கம். ஒரு எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை.

ஜூன் 19

அறிக்கை ஏற்கப்பட்டது. திட்டம் வருகிறது, மைதானத்தில் கட்டடம் கிடையாது. லீமாவிடம் போனில் சொன்னேன். "ரெண்டுமே கெடச்சிருச்சு" என்றாள். நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

ஜனவரி 22, 2024

லீமா போன் செய்தாள்.

"கம்பி வேலி போட்டுட்டாங்க கேத்தரின். பாரம்பரிய எடமாம், யாரும் உள்ள வரக்கூடாதாம். வீட்டுக்குள்ள காயப்போட்டா ஈர வாடை அடிக்குது. மூணு லாட்ஜுல துணிய திருப்பி அனுப்பிட்டாக."

அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். என்னுடைய அந்தப் பக்கம். பனிமூட்டம் இருக்கிறது, பையன்களின் கிரிக்கெட் இருக்கிறது, ஓரத்து மரங்கள் இருக்கின்றன. 'துணி' என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. இருபத்தாறு பெண்களும் கடைசி இணைப்பில், ஒரு அட்டவணையில் நிற்கிறார்கள். அதை யார் புரட்டியிருப்பார்கள்?

நான் யாருக்காக எழுதினேன்? பெஞ்சில் நின்று படம் பார்த்த அந்தப் பிள்ளைக்காகவா? அவளுக்குத்தான் இப்போது இடமே தேவையில்லையே!

ஜனவரி 24

அறிக்கையில் பிழை என்று கடிதம் எழுதினேன். ராஜமுருகன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "நம்ம அறிக்கை தப்புன்னு நாமளே எழுதிக் கொடுத்தா இனி யாரு மேடம் நம்மளக் கூப்பிடுவாங்க?"

கூப்பிட மாட்டார்கள்தான். என் பெயரில் மட்டும் அனுப்பினேன்.

பிப்ரவரி 15

கோட்டாட்சியர் விசாரணைக்கு அழைத்திருந்தார். என் கடிதத்தைப் படித்துவிட்டு, "நீங்க எழுதினதத்தானே செஞ்சிருக்காங்க?" என்றார். "நான் எழுதினதுதான் தப்பு சார்" என்றேன்.

கூட வந்திருந்த லீமா எழுந்தாள். பையிலிருந்து ஈரம் காயாத விரிப்பு ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"மோந்து பாருங்க சார். இதுல நீங்க படுப்பீங்களா? ஐ.டி. கம்பெனி வரட்டும், வேணாங்கல. வெயில எங்களுக்கு விட்ருங்க, அது போதும்."

அவர் குனிந்து மோந்தே பார்த்தார். பிறகு காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் 20

உத்தரவு போன மாதமே வந்துவிட்டது. காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை வேலிக் கதவு திறந்திருக்கும், துணி உலர்த்தலாம். ராஜமுருகன் புதுக் குழு அமைத்துவிட்டார். அதில் நான் இல்லை. அமலுக்கு இன்னும் கம்பெனியிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை.

இன்று சும்மாதான் மேலே போனேன். கையில் படிவம் இல்லை, வாயில் கேள்வியும் இல்லை. மைதானத்தின் ஓரமாக நின்று அந்தக் காலத்தைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"பெறவு பேசலாம், மேகம் எறங்குது" என்றாள் லீமா. "வெரசா வந்து அந்த முனையப் பிடி."

பிடித்தேன். விரிப்பை மடிக்க மடிக்க இருவரும் நெருங்கி வந்தோம். அடுத்ததை உதறினாள்.