கோணல் எழுத்தில் ஒரு கடிதம்

மார்ச் 3, செவ்வாய்

நோட்டே, கோபித்துக்கொள்ளாதே. என் எழுத்து கோட்டில் நிற்காது. நாற்பத்தெட்டு வருடம் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்த கை இது. சுவர் என்றால் நூல் பிடித்த மாதிரி ஓடும். பேனா என்றால் நடுங்குகிறது. இந்த நாலு வரிக்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும். நான் எழுதிவிட்டேனே!

எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பு இன்னும் இரண்டு வாரம்தான். கடைசி நாள் தேர்வு, கையோடு சான்றிதழ். ஆளுக்கொரு சீட்டு எடுத்து, அதில் இருக்கும் பெயருக்குக் கடிதம் எழுத வேண்டும். கடிதம் கிடைத்தவர் அதை எல்லோர் முன்பும் சத்தமாகப் படிக்க வேண்டும்.

"கிறுக்கி வச்சீங்கன்னா படிக்கிறவங்க ஃபெயில்" என்றார் டீச்சர். எல்லோரும் என்னையே திரும்பிப் பார்த்தார்கள்.

மார்ச் 6, வெள்ளி

சீட்டு எடுத்தேன். என் வீட்டுக்காரி பெயர்!

அவளும் அதே வகுப்புதான். முதல் பெஞ்ச். படிப்பிலும் முதல். நான் கடைசி பெஞ்ச். என் எழுத்தால் அவள் ஃபெயிலானால்?

வரும் வழியில், "உங்களுக்கு யாரு வந்திருக்கு?" என்றாள்.

"பால்காரர்" என்று புளுகினேன்.

"பாவம், அந்த மனுஷன்!"

மார்ச் 10, செவ்வாய்

மத்தியானத் தூக்கத்தில் ஒரு கனவு. பெரிய கூடம். சுவர் முழுக்க என் எழுத்துகள் மெதுவாக நீந்துகின்றன. வெள்ளையடிக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. விழித்த பிறகும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு 'ழ' பூனை மாதிரி சுருண்டு படுத்திருந்தது.

அவளுக்கு என்ன எழுத? நலமா என்றா? பக்கத்தில்தானே உட்கார்ந்து இருமுகிறாள்.

மார்ச் 13, வெள்ளி

பாஸாக ஆசை. பாஸாகவும் பயம். அப்புறம் செவ்வாயும் வெள்ளியும் எங்கே போவது?

மார்ச் 15, ஞாயிறு

ஒன்பது தாள் கிழித்தேன். பத்தாவது இது:

"எல்லார் வீட்டுக்கும் கேட்டுக் கேட்டு நிறம் அடித்தேன். நம் வீட்டுக்கு வாளியில் மிஞ்சியதை அடித்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. உனக்குப் பிடித்த நிறம் எது? இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது."

மார்ச் 17, செவ்வாய்

எனக்கு எழுதியது தையல்காரம்மா. "ஐயா, வகுப்பில் குறட்டை விடாதீர்கள்." தடுமாறாமல் படித்தேன். ஒரே சிரிப்பு. பாஸ்!

அடுத்து அவள். முதல் இரண்டு வரி கணீரென்று வந்தது. பிறகு நின்றுவிட்டாள். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. ஐயோ, போச்சு. பாவி, நான்தான் கெடுத்தேன் —

"எழுத்து புரியலையாம்மா?" என்றார் டீச்சர்.

"முத்து முத்தா இருக்கு." தாளை மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். "மீதி எனக்கு எழுதினது."

"சத்தமா படிக்கலன்னா பாஸ் போட முடியாதே."

"போடாதீங்க."

முதல் பெஞ்ச் ஃபெயில், கடைசி பெஞ்ச் பாஸ். அவளுக்கு அடுத்த செவ்வாய் மறுதேர்வு. வழியெல்லாம் என் சான்றிதழை அவள்தான் கசங்காமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 18, புதன்

காலையில் என் மூக்குக்கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள். எழுத்தெல்லாம் கோட்டில் நிற்கிறது:

"நீலம். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வருமே, அந்த நீலம். முத்து முத்தாக என்றது பொய். அடுத்த வாரமும் எழுதவும்."

அந்த நீலம் கடையில் கிடைக்காது. நான்தான் கலக்க வேண்டும்.

எழுதுகிறேன், அம்மணி. அடுத்த செவ்வாய் நீ உள்ளே நின்று படிக்கும்போது, நான் வெளிப்படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.