நாலாவது லைனர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய இடது முட்டி மட்டும் எங்களோடு சேராமல் தனியாக முனகிக்கொண்டிருக்கிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். சமையலறைக் குழாயை அப்பா மூன்றாவது தடவையாகச் சரிசெய்தார், முன்பு சொட்டியது, இப்போது ஒழுகுகிறது. இதையெல்லாம் முதலில் எழுதுவது நீ பதறக் கூடாது என்பதற்காகத்தான். இனி நல்ல செய்தி. பெரிய ஸ்பானர் மாட்டிக்கொண்டான்.

ஆமாம், நம் பட்டறைப் போர்மேனுக்கு நீ வைத்த அந்தப் பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. போன கடிதத்தில் நீ எழுதியிருந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒருவேளை அன்னிக்கு நான்தான் வளையத்தை முறுக்கிப் போட்டுட்டேனோம்மா என்று கேட்டிருந்தாய். சிலிண்டருக்குள் இறக்கும் லைனர் குழாய் என்றாலே ஒதுங்கிப்போகிறேன், இங்கே ஆயில் மாற்றும் வேலை மட்டும் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன் என்றும் எழுதியிருந்தாய். ஆறு சிலிண்டரையும் தனியாளாகப் பூட்டிய பிள்ளை ஆயில் மாற்றிக்கொண்டிருக்கிறாள் என்று படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. ஏழாம் நம்பர் லாரி இஞ்சினை நீ பூட்டி எட்டு மாதம் கழித்து மூன்றாவது சிலிண்டரில் தண்ணீர் இறங்கி ஆயில் வெளுத்துப்போனபோது, அவன் முற்றத்தில் எல்லோரையும் நிற்கவைத்து, லைனரைச் சுத்தித் தண்ணி இறங்காம அடைக்கிற ரப்பர் வளையத்தை ஒழுங்கா உக்காரவைக்கத் தெரியல, பொம்பளப் புள்ளைக்கு இஞ்சின் எதுக்கு என்று கத்தினானே, அந்தச் சத்தம் என் டெஸ்ட் ரூம் வரைக்கும் கேட்டது. நான் வெளியே வருவதற்குள் நீ கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாய். கழற்றிய லைனரைப் பார்க்கலாம் என்று தேடினேன், அது அன்றைக்கே பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏறிவிட்டது. யோக்கியனுக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று அன்றே குறித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை உனக்கு எழுதவில்லை. மாதா மாதம் பன்னிரண்டு லாரிக்கும் ரேடியேட்டர் தண்ணீரை, அந்தக் கூலன்ட் சாம்பிளை, அவனே பாட்டிலில் பிடித்து என் மேஜையில் வைப்பான் அல்லவா, நான் சோதனைப் பட்டையை அதில் நனைத்து நிறம் பார்த்து எழுதுவேன். ஒரு மாதம் உற்றுப் பார்த்தேன், பன்னிரண்டு பாட்டிலும் ஒரே நிறம், ஒரே அளவு. புது வண்டியும் பத்து வருஷத்து வண்டியும் ஒரே மாதிரி வருமா, சொல்லு. ரேடியேட்டரில் பிடிக்கக் கஷ்டப்பட்டு எல்லாவற்றையும் புது கூலன்ட் கேனிலிருந்தே ஊற்றிக் கொடுத்திருக்கிறான். வண்டிகளுக்கோ வெறும் போர்வெல் தண்ணீர், அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்ப்பதே கிடையாது. மறுநாளிலிருந்து காலையில் இஞ்சின் ஆறியிருக்கும்போதே போய், ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்து நானே பிடித்தேன். அவன் பாட்டில் மேல் தட்டு, என் பாட்டில் கீழ் தட்டு, தேதியும் வண்டி நம்பரும் ஒட்டி. தாளில் இடப்பக்கம் அவன் அளவு, வலப்பக்கம் என் அளவு, எதையும் மறைக்கவில்லை, மருந்து அறவே இல்லை என்று கொட்டை எழுத்தில் எழுதி மாதா மாதம் அவனிடமே நீட்டினேன். டெஸ்ட் ரூம் அம்மா எழுதினதுல படிக்க என்ன இருக்கு என்று சிரித்துக்கொண்டே பதினாலு மாதமும் படிக்காமல் கையெழுத்துப் போட்டான்.

முதலாளியிடம் முதல் மாதமே போயிருக்கலாம், ஏழாம் நம்பரைக் காப்பாற்றியிருக்கலாம். நான் போகவில்லை. போனால் அவன் ஒரு வாரம் நல்லவனாக இருந்து தப்பித்துவிடுவான். வழியில வண்டி நின்னா டிரைவர் என்னடி பாவம் பண்ணினான் என்று அப்பா என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சொன்னது நியாயம்தான், ஏழாம் நம்பர் மறுபடி வழியில் நின்றபோது அந்த டிரைவர் அரை நாள் வெயிலில் நின்றார், அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பெரிய ஸ்பானர் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை அதே ஏழாம் நம்பர், இந்தத் தடவை நாலாவது சிலிண்டர். லைனரைக் கழற்றி வெளியே வைத்ததுமே இரும்புக்காரனுக்குப் போன் போட்டான். நான் போய் அந்த லைனரை நிமிர்த்தி வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திரிங்கம்மா, வேலை நடக்கணும் என்றான். முட்டி வலி, முதலாளி வந்ததும் எழுந்திரிக்கிறேன் என்றேன். முட்டி வலி அப்பாவுக்கு, அவசரத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், இரும்பின் விளிம்பை இரண்டு நாளைக்கு மறக்க முடியவில்லை. முதலாளி வந்ததும் அவன் பழைய பாட்டையே பாடினான், வளையம் சரியில்லை, அந்தப் பொண்ணு பூட்டினது என்று. நான் லைனருக்குள் டார்ச்சைப் பிடித்தேன். வெளிப்பக்கம் முழுக்க அரித்துக் குழி குழியாக இருந்தது, ஒரு குழி வழியாக ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் வெளியே வந்தது. இஞ்சின் அதிரும்போது கூலன்டில் குமிழி வெடித்து வெடித்து இரும்பைத் தின்னும், அதைத் தடுக்கத்தான் மருந்து என்று முதலாளிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தட்டு பாட்டிலையும் பதினாலு கையெழுத்தையும் கொண்டுவந்து வைத்தேன். பெரிய ஸ்பானர் சின்ன ஸ்பானர் ஆனான்.

வேலையை விட்டு அனுப்பிடவா என்று முதலாளி கேட்டார். வேண்டாம் என்றேன். என் மகளைச் சொன்ன அதே முற்றத்தில் நின்று, அதே ஆட்கள் முன்னால், அதே சத்தத்தில் உண்மையைச் சொல்லட்டும் என்றேன். சொன்னான். அன்றைக்குக் கழற்றிய மூன்றாவது லைனரிலும் ஓட்டை இருந்தது, பார்த்துவிட்டுத்தான் தூக்கிப் போட்டேன் என்று சொன்னான். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றேன், இன்னொரு தடவை சொன்னான். இப்போது மாதா மாதம் என் எதிரில் ரேடியேட்டரில் பிடித்துக் கொடுக்கிறான், பட்டையின் நிறம் தெரிய ஒரு நிமிஷம் ஆகுமே, அந்த ஒரு நிமிஷமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவைக்கிறேன். மன்னிப்புக் கடிதம் எழுத உன் முகவரி கேட்டான், தரவில்லை. தருவதா வேண்டாமா என்று நீ சொல்.

நன்றாக இரு, மனசுக்குப் பிடித்த வேலையைத் தலைநிமிர்ந்து செய். எந்த வண்டியானாலும் சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே, ஆறட்டும், உன் அம்மா பதினாலு மாதம் ஆறவிட்டுத்தான் திறந்தாள். உறைக்குள் அடியில் தடவிப் பார், ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை மடித்து வைத்திருக்கிறேன். நாலாவது லைனரில் நீ போட்டது, நானே கழற்றினேன். இருபத்திரண்டு மாதம் இஞ்சினுக்குள் கிடந்திருக்கிறது. விரலை விட்டுச் சுற்றிப் பார், எங்கேயாவது முறுக்கு இருக்கிறதா என்று.

இப்படிக்கு,
உன் அம்மா, டெஸ்ட் ரூம்